பாசப் பட்டை

செல்வராணியின் நெற்றியில் பட்டையைக் கட்டி, அவள் கைக்குழந்தையின் அழுகையைக் கேட்க வைத்தேன். அவள் மூளையை அளந்து பட்டை காட்டிய பாச அளவு, நூற்றுக்கு முப்பத்தொன்று. நாற்பதுக்குக் கீழே போனால் குழந்தை காப்பகத்துக்கு.

“குழந்தையை வாங்கிட்டு வாம்மா, வண்டி நிக்குது,” என்றார் என் மேற்பார்வையாளர்.

நான் அவளிடம் கேட்டேன்: “கடைசியா எப்பக்கா தூங்கினீங்க?”

“முந்தாநாள். மில்லுல டபுள் ஷிஃப்ட்டு. இவனுக்கு வேற பல்லு மொளைக்குது.”

மேற்பார்வையாளரிடம் திரும்பினேன்: “சார், நீங்க கிளம்புங்க. செங்கல் சூளையில வேலை பார்த்த எங்கம்மாவுக்கு இதைக் கட்டியிருந்தா, நானும் காப்பகத்துலதான் வளர்ந்திருப்பேன்.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் படுத்தாள். ஐந்து மணி நேரத்தில் என் சுடிதாரெல்லாம் எச்சில். அவள் எழுந்ததும் மறுபடி கட்டினேன்: எண்பத்தாறு.

படிவத்தில் ‘அளித்த சிகிச்சை’ என்ற கட்டத்தில் ‘தூக்கம்’ என்று எழுதினேன். ‘பரிந்துரை’யில், அடுத்த பட்டையை மில் முதலாளிக்குக் கட்டச் சொன்னேன்.