பெயர்ப்பட்டியலில் இன்னொருவர்

இஸ்ரேலின் ஹைஃபா நகரில், யூத மதத் திருமணப் பதிவு அறையின் சன்னல் வெயில் மேசைமேல் கிடக்கிறது. மணப்பெண் ரிம்மாவின் தந்தை யெஃபிம் நீட்டிய சோவியத் அடையாளப் புத்தகத்தில் ‘யூதர்’ என்ற சொல்லை எழுத்தர் நஃப்தலி விரலால் தொட்டுப் பார்க்கிறார்.

“இது அப்பா. அம்மா?”

“ரஷ்யக்காரி,” என்கிறாள் ரிம்மா.

“யூதரா இல்லையாங்கறதுக்கு அம்மா வழிதாம்மா கணக்கு. இங்க கல்யாணம் பண்ணணும்னா ஒரு வருஷம் மத வகுப்புல படிச்சு நீ யூத மதத்துக்கு மாறணும்.”

“அங்க ரஷ்யாவுல யூதச்சின்னு கல்லால அடிச்சாங்க. இங்க வெள்ளிக்கிழமை தவறாம சபாத் விளக்கேத்துறேன். யூதருக்கு ஆகாத பன்னிக்கறி திங்கிற எங்கப்பா யூதர், நான் இல்லையா?”

யெஃபிம் கையிலிருக்கும் தொப்பியைச் சுழற்றுகிறார். “ஐயா, வகுப்புல என் பேரையும் எழுதிக்கங்க.”

“நீங்க எதுக்கு? பிறவியிலேயே யூதராச்சே!”

“ஆமா. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியாதே.”

நஃப்தலியின் பேனா காகிதத்தின்மேல் நிற்கிறது. ரிம்மா அப்பாவைப் புதிதாய்ப் பார்ப்பவள்போலப் பார்க்கிறாள்.