வலப்பக்கம்

2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். பனிமலையில் இரண்டாயிரத்து நூறு மீற்றர் உயரம். ஏழு பாகை வெப்பம். தெற்கிலிருந்து சூடான காற்று. சகாராவின் தூசி வானை மூடியிருந்ததால் பனியின் மேல் நிழல் எதுவும் விழவில்லை.

தயாபரன் பனியில் மல்லாந்து கிடந்தார். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பெண் அதை இரண்டு பலகைத் துண்டுகளுக்கிடையில் வைத்துக் கட்டியிருந்தார்.

ஹெலிகொப்டர் வர இருபது நிமிடமாகும் என்றார்.

பத்து மீற்றர் தள்ளி, அவரும் குலேந்திரனும் வந்த ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஒரு சிவப்புக் கம்பத்தின் மேல் சரிந்து நின்றது. பாதையின் வலப்பக்க எல்லையைக் காட்டுவதற்காக நட்ட கம்பம், ஆளுயரம் இருக்கும்.

அந்தக் கம்பத்தை, வண்டியை ஓட்டிவந்த குலேந்திரன் காணவில்லை.

பனி இளகியிருந்தது உண்மை. வெளிச்சம் மோசமாயிருந்ததும் உண்மை. ஆனால் முன்னால் இன்னொரு வண்டியில் தனியாகப் போன நண்பர் டெஸ்மன்டும் அதே பனியில், அதே வெளிச்சத்தில்தான் போனார். அவர் கம்பத்தை விலத்திப் போயிருந்தார்.

குலேந்திரனுக்கு நேரே உள்ளவை தெரியும். தெருப்பலகைகளைப் பிழையில்லாமல் வாசிப்பார். வலப்பக்கத்தில் வருவதுதான் தெரியாது. கண்ணுக்குள் ஏறிய அழுத்தம் நரம்பை அரித்துவிட்டது, போன பார்வை திரும்பி வராது, இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று கண் வைத்தியர் பெப்ரவரியிலேயே சொல்லியிருந்தார்.

குலேந்திரன் அதை வீட்டில் சொல்லவில்லை. வேலையிடத்திலும் சொல்லவில்லை. டீட்டிகோன் நகரில் ஒரு பொதிக் களஞ்சியத்துக்கு அவர் இருபத்தாறு ஆண்டுகளாக வான் ஓட்டிவந்தார். அனுமதிப்பத்திரம் போனால் வான் போகும். வான் போனால், ஐம்பத்தெட்டு வயதில் வேறு வேலை கொடுப்பார் இல்லை.

அதே களஞ்சியத்தில் தயாபரன் மேற்பார்வையாளர். வயதில் பதினான்கு ஆண்டு இளையவர். ஒவ்வொரு நாள் காலையும் சாவிப் பலகையிலிருந்து வான் திறப்பை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

இன்று காலை, அவர்களுக்குக் கிடைத்த பனிவண்டிகள் இரண்டு, ஆட்கள் மூவர் என்று ஆனபோதும் அவர்தான் முடிவு சொன்னார்.

"நீங்கள் ஓட்டுங்கோ அண்ணை, நான் பின்னால இருக்கிறன். இருபத்தாறு வருசமா உங்கட வானில ஒரு கீறல் விழேல்லை. டெஸ்மன்டுக்குப் பின்னால ஏறினனெண்டால் நேரே மோட்சந்தான்."

அந்த மரியாதையை மறுப்பதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டியிருந்தது. குலேந்திரனிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அவர் ஏறி உட்கார்ந்தார்.

வழிகாட்டிப் பெண் முழந்தாளில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு ஜேர்மன் மொழியில் கேட்டார்: ஓட்டியவர் யார், எப்படி நடந்தது?

குலேந்திரன் வாயைத் திறக்குமுன் கீழே கிடந்த தயாபரனின் குரல் வந்தது.

"டேய் டெஸ்மன்ட், பனி சறுக்கினது எண்டு எழுதச் சொல்லடா. அண்ணையில பிழையில்லை. லைசன்ஸ் இல்லாமல் றோட்டில நிண்டது அந்தக் கம்பந்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் பல்லைக் கடிப்பதாக மாறியது.

டெஸ்மன்ட் மொழிபெயர்த்தார். பருவம் முடிகிற நேரத்தில் பனி இப்படித்தான் என்று வழிகாட்டிப் பெண்ணும் தலையசைத்தார். 'இளகிய பனி' என்று எழுதினார். பின்னர் கையை நீட்டினார்.

குலேந்திரன் அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்தார். அந்தப் பெண் இலக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டு, நன்றி கூறித் திருப்பிக் கொடுத்தார்.

அவ்வளவுதான். விடயம் முடிந்திருந்தது.

குலேந்திரன் பனியில் மண்டியிட்டார். மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றி, நெஞ்சுப்பக்க உட்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்தார்.

சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தாமாகவே கைவிடுவதாக மாநிலப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக்கொடுக்கும் படிவம். பிரதியை வேலையிடத்திலும் கொடுக்கவேண்டும். முழுப் பெயர், முகவரி, கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்தின் கீழே திகதி: 11.03.2024.

மறுநாளிலிருந்து பதினேழு வேலைநாட்கள். அத்தனை காலைகளிலும் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தயாபரனின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அத்தனை காலைகளிலும் தயாபரன் திறப்பை நீட்டினார், அவர் வாங்கிக்கொண்டார்.

இன்று, பின்னால் இருந்த தயாபரன் அவர் நெஞ்சைச் சுற்றிப் பிடித்துக் கைகளைக் கோத்திருந்ததும் அந்தத் தாளின் மேல்தான்.

இதை இங்கேயே கிழித்துவிடலாம். திங்கட்கிழமை வேறொரு படிவம் எடுத்து, திங்கட்கிழமைத் திகதியை இடலாம். விபத்துக்குப் பிறகு பயந்துவிட்டார் என்பார்கள். பொறுப்பான மனுசன் என்றும் சொல்லக்கூடும்.

பள்ளத்தாக்கின் அடியில் ஹெலிகொப்டரின் இரைச்சல் எழுந்தது.

"என்ன அண்ணை அது? ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற கடதாசியோ?"

"இல்லைத் தயா. உனக்குத் தரவேண்டியது. பிந்திப்போச்சு."

தயாபரன் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

குலேந்திரன் தாளின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, திகதி கண்ணில் படும்படி, அந்தக் கையில் வைத்தார்.