சிங்கத்தின் தலைக்கு மேல்

லிங்கன் நகரில் கேடயங்களுக்குச் சாயம் பூசும் ஹேமோவின் கடைக்குள், பிரபு ஃபல்க் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நுழைந்தார். பல் கொட்டி, தலை பஞ்சாக நரைத்திருந்தது. கையிலிருந்த கேடயத்தில் சிவப்புச் சிங்கம். அதன் தலைக்கு மேல் வெளிறிப்போன நீலப் பட்டை.

"பட்டை மங்கிப்போச்சு. நல்ல கெட்டிச் சாயமாப் பூசு."

பட்டை இருந்தால் அது மூத்த மகனின் கேடயம். அப்பா கண்ணை மூடியதும் பட்டையைச் சுரண்டிவிட்டு, வெறும் சிங்கத்தோடு அவன் குடும்பத்துக்குத் தலைவனாகிவிடலாம். இருமிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்து ஹேமோவுக்குப் பாவமாக இருந்தது.

"எதுக்குங்க ஐயா வீண் செலவு? மட்டச் சாயமே போதும். எப்படியும் உங்க மகன் கொஞ்ச நாள்ல சுரண்டத்தானே..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மகனா? இது என் கேடயம்யா! நானும் அப்படி நெனச்சுத்தான் வருஷா வருஷம் மட்டச் சாயமாப் பூசி ஏமாந்துட்டேன்."

ஹேமோ திருதிருவென்று விழித்தான். வாசலில் குதிரை கனைத்தது. அதன் மேலிருந்து ஒரு குரல் அதட்டியது:

"டேய் ஃபல்க்! இன்னும் எவ்வளவு நேரம்டா? எனக்கு ஈட்டிப் போட்டிக்கு நேரமாச்சு!"

"இதோ வந்துட்டேன் அப்பா!"

ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார் ஃபல்க்.