நேர்க்கோடு

"கதை எனக்குத் தெரியாது மேடம். புண்ணு சொல்றதைத்தான் நான் சொல்றேன்," என்றாள் மாணவி.

செவிலியர் கல்லூரியின் பயிற்சி அறையில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்தவள் ஒரு நாடகக் குழுவில் நடிப்பவள். மெழுகும் சாயமும் குழைத்து, அவள் கழுத்திலும் மார்பிலும் ஆசிரியையே தீக்காயங்களைப் போட்டிருந்தார். மற்றதை நாடகக் குழுவின் ஒப்பனைக்காரரிடம் விட்டிருந்தார். காயங்கள் அச்சு அசலாக இருந்தன. முதலில் வந்த மாணவிக்குத் தலை சுற்றிவிட, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆசிரியைக்கு உள்ளூரப் பெருமைதான்.

கடைசியாக வந்த இவளுக்கு வகுப்பில் 'லவுட் ஸ்பீக்கர்' என்று பட்டப்பெயர். பயமா, கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். கழுத்தில் வெறும் சிவப்பு, மேலோட்டமான காயம் என்றாள். மார்பில் தோல் வெளுத்துத் தடித்திருக்கிறது, தொட்டால் வலியும் தெரியவில்லை, ஆகவே ஆழமான காயம் என்றாள். எல்லாம் சரி. இடது கைக்கு வந்தபோதுதான் ஆசிரியையோடு முட்டிக்கொண்டது.

"இது தீ பட்டது இல்ல மேடம், கொதிக்கிற தண்ணி. அதுவும் தவறிக் கொட்டினது இல்ல. தெறிச்ச அடையாளமே காணோம், கையுறை மாட்டின மாதிரி நேர்க்கோட்டுல நிக்குது. யாரோ கையைப் பிடிச்சு முக்கியிருக்காங்க."

அடுப்பு வெடித்ததாகத்தான் தேர்வுக்குக் கொடுத்த கதை என்றும், நோயாளியும் அதையேதானே சொன்னாள் என்றும் ஆசிரியை எடுத்துச் சொன்னார். அதற்குத்தான், கதை தெரியாது, புண் சொல்வதைத்தான் சொல்கிறேன் என்று அவள் பதில் சொன்னாள். சொன்னதிலிருந்து இம்மியும் நகரவில்லை.

கட்டிலில் இருந்தவள் முனகலை நிறுத்திவிட்டு மாணவியையே பார்த்தாள்.

ஆசிரியை ஒப்பனைக்காரரைக் கூப்பிட்டார். கையில் செய்திருக்கும் வேலை பிரமாதம், ஆனால் நெருப்புக் காயத்தின் ஓரம் இப்படி வெட்டி வைத்தாற்போல் இருக்காது, பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்றார்.

ஒப்பனைக்காரர் விழித்தார். "கையா? அது நீங்க போட்டதுன்னுல்ல நினைச்சேன்?"

ஆசிரியை குனிந்து பார்த்தார். உடைந்த கொப்புளத்திலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மெழுகு கசியாது.

எதிர்க் கட்டடத்துத் தீக்காயப் பிரிவிலிருந்து மருத்துவரை உடனே கூட்டிவரச் சொல்லி மாணவியை அனுப்பினார். சுத்தமான துணியால் அந்தக் கையை மெல்ல மூடினார்.

"இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு ஏம்மா நடிக்க வந்தே? நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?"

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். நினைத்ததை முடித்துவிட்டவளின் நிதானம் அவள் குரலில் இருந்தது.

"வெளியில பைக்ல என் வீட்டுக்காரர் காத்துக்கிட்டு இருக்காரு மேடம். காயத்தைக் காட்டப் போறேன்னா வாசப்படி தாண்ட விடமாட்டாரு. காயம்பட்ட மாதிரி நடிக்கப் போறேன்னு சொன்னதாலதான், அவரே கொண்டுவந்து விட்டாரு."