ருமேனியாவுக்கு ஒரு ஜெக்கெட்

ஓகஸ்ட் மாத வெயில் கல்முனை பஸாரை வறுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மிஹ்லார் பஞ்சு லைனிங் வைத்த தடித்த ஜெக்கெட் ஒன்றைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு அப்துல் கபூர் ஹாஜியாரின் கடைக் கண்ணாடி முன்னால் நின்றான். வியர்வை தாடி வழியாகச் சொட்டியது.

"எப்பிடிகா இரிக்கி?" என்று மனைவியைக் கேட்டான்.

"அடுப்புல வேகப்போட்ட இறைச்சி மாதிரி இரிக்கி" என்றாள் முஸ்பிறா.

"இஞ்சத்த சூட்டுக்கா புள்ள வாங்குற? ருமேனியாவில காலையில வெயிலாம், பகலைக்கி மழையாம், பொழுதுபட்டாப் பனியாம். லைனிங்கக் கழட்டியும் போடலாம், மாட்டியும் போடலாம்."

எல்லாம் ஏஜன்ட் ஸஜாத் சொல்லிக்கொடுத்த பாடம். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்தான் ஸஜாத். கொமிஷன் கிடையாது. பாஸ்போர்ட்டின் பிரதி போதும். விசா குத்திய பிறகுதான் காசுக் கதை. நிபந்தனை ஒன்றே ஒன்று: குளிர் தாங்கும் வேலை ஜெக்கெட் வைத்திருப்பவனின் பெயர்தான் கம்பனிக்குப் போகும். கம்பனி கேட்கும் ரகமோ இந்தக் கடற்கரை முழுவதிலும் ஹாஜியார் கடையில் மட்டும்தான் இருந்தது.

மிஹ்லார் லேசில் ஏமாறுகிறவன் அல்ல. ஏனென்றால் ஏற்கெனவே ஏமாந்தவன். கட்டாருக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒருவன் முஸ்பிறாவின் காப்புகளோடு மறைந்த நாளிலிருந்து அவனுக்கு அறிவு ஊறிக்கொண்டே இருந்தது. எந்த ஏஜன்ட் எப்படிச் சுத்துவான் என்று சாய்ந்தமருதுக் கடற்கரையில் வகுப்பு எடுக்கும் அளவுக்கு ஊறிவிட்டது.

இந்த முறை ஸஜாத்தின் கையில் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஜெக்கெட் வாங்குவதற்காக, டைல்ஸ் வெட்டும் மெஷினை முந்தாநாள் இன்னொரு மேசனான றஸ்மிக்கு விற்றதோடு சரி. ருமேனியா சரிவராவிட்டால், இதுவரை தனி மேசனாக வேலை செய்தவன் அதே றஸ்மிக்குச் சீமெந்து குழைக்கத்தான் போக வேண்டும். அந்த நினைப்பு வந்தபோது ஜெக்கெட்டுக்குள்ளேயும் அவனுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

காசு வாங்காமல் ஒருவன் நன்மை செய்கிறான் என்றால் எங்கேயோ இடிக்கிறது. ஏன் இந்தக் கடை? ஏன் இந்த ஜெக்கெட்? படுத்தும் யோசித்தான், எழும்பியும் யோசித்தான். நேற்று அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில் விடை பளிச்சென்று தெரிந்தது.

லைனிங்!

பஞ்சுக்குள் போதைத் தூளை வைத்துத் தைத்து, ஒன்றுமறியாத மேசன்மாரின் முதுகில் ஏற்றி, கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக அனுப்பப் போகிறார்கள். பிடிபட்டால் மேசன் மறியல் கம்பிக்குள், ஏஜன்ட் மாளிகையில்.

அவன் ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தான். வெளியூர், வரிப்பத்தான்சேனைக்காரர். கல்முனையில் கடை போட்டு அதிக காலம் இல்லை. விற்றால் என்ன விற்காவிட்டால் என்ன என்பதுபோலத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், இதுக்குள்ள என்ன இரிக்கி?"

"பஞ்சு."

"பஞ்சு மட்டுந்தானா?"

ஹாஜியாரின் விரல்கள் நின்றன. பாத்தயா, ஆள் பிடிபட்டுட்டார் என்று மிஹ்லார் மனைவிக்குக் கண்ணைக் காட்டினான்.

"சந்தேகமெண்டா எடுக்காதீங்க மகன்" என்றார் ஹாஜியார். "நான் ஆரையும் எடுக்கச் சொல்லல்ல."

மிஹ்லார் ஜெக்கெட்டைக் கழற்றினான். சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த சவர பிளேடை எடுத்தான்.

"அல்லாஹ்வே, கடைக்குள்ள என்னத்தச் செய்யப்போறீங்க?" என்று முஸ்பிறா பதறுவதற்குள், அக்குளிலிருந்து இடுப்பு வரை லைனிங்கைக் கிழித்துவிட்டான்.

பஞ்சு. முழங்கை வரை விட்டுத் துழாவினான். பஞ்சு. மணந்து பார்த்தான். நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தான்.

பஞ்சேதான்.

"கிழிச்சத இனி ஆரு மகன் எடுப்பாங்க?" என்று கேட்டார் ஹாஜியார். குரலில் கோபமே இல்லை. அதுதான் மிஹ்லாரை அறைந்தது. ஒரு நல்ல மனிசனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூசிப்போனான். கிழிந்ததையும் கிழியாத ஒன்றையும் சேர்த்து வாங்கினான்.

"ஒண்டு மழைக்கி, ஒண்டு பனிக்கி" என்றான்.

"மறுகா வெயிலுக்கும் ஒண்ட எடுங்களன்" என்றாள் முஸ்பிறா.

வாசலில், ஸஜாத்திடம் பெயர் கொடுத்த மற்றவர்கள் உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். மக்கீன்தான் வாய் திறந்தான்: "மச்சான், வாங்கலாமா? பயமில்லையா?"

"நானே கிழிச்சிப் பாத்திட்டன். ஒரு கள்ளமுமில்ல. நம்பி எடுங்கடா!"

மிஹ்லார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஏமாறாத மனிசன் அல்லவா! கூட்டம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தது.

பின்னேரம் அஸர் தொழுத பிறகு மிஹ்லாருக்கு முஸ்பிறாவின் தம்பி ஞாபகம் வந்தான். அவனையும் ருமேனியாவுக்கு அனுப்பினால் என்ன? ஜெக்கெட் முடியுமுன் ஒன்றைச் சொல்லி வைக்கலாம் என்று கடைக்கு ஓடினான். கதவு பாதி இழுத்திருந்தது. உள்ளே ஜெக்கெட் அடுக்கியிருந்த தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. ஹாஜியார் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் ஸஜாத் மருமகன், நீங்க வாங்கி அனுப்பின ஜெக்கெட் ஒண்டும் மிச்சமில்ல, அல்ஹம்துலில்லாஹ். மாமி சோறாக்கி வெச்சிரிக்கா, சுறுக்கா வீட்ட வாங்க."

கொஞ்ச நேரம் மறுபக்கம் சொல்வதைக் கேட்டுவிட்டு, மருமகன் மனம் நோகாதபடி மெதுவாகச் சொன்னார்:

"ஆனா இனிமேலைக்கி கொழும்பில உடுப்புப் பொதி வாங்கக்குள்ள, உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு பிரிச்சிப் பாத்து வாங்குங்க மருமகன், எல்லா முறையும் நமக்கு ருமேனியா கிடைக்காது."