கடைசிக் கவர்

"இந்த லெட்டர் எப்போ வந்தது, அனந்தி?"

தள்ளுபடிக் கூப்பன் காகிதக் கட்டுக்குள்ளிருந்து உருவிய கவரை ஆட்டியபடி சமையலறை வாசலில் நின்றார் பிச்சுமணி.

"அது வந்து நாலு நாளாச்சு. ஜங்க் மெயில்னு அங்க வெச்சேன்" என்றாள் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, நிமிராமல்.

"ஜங்க் மெயிலா! கவுன்ட்டி எலெக்‌ஷன் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்குடி! உன் தபால் ஓட்டுக் கவர்ல இருக்கற கையெழுத்தும், அப்ளிகேஷன்ல இருக்கறதும் மேட்ச் ஆகலையாம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நேர்ல போய் சரி பண்ணலைன்னா ஓட்டு செல்லாதாம்."

"போனாப் போறது. ஒரு ஓட்டுதானே?"

ஒரு ஓட்டுதானே! பிச்சுமணிக்கு மயக்கம் வராத குறை. தேர்தல் முடிந்து ஆறு நாளாக அமெரிக்காவே தூங்காமல் கிடக்கிறது. மற்ற மாநிலங்களிலெல்லாம் எண்ணிக்கை முடிந்துவிட்டது. டெக்சாஸை ஜெயிப்பவர்தான் அடுத்த ஜனாதிபதி. அந்த டெக்சாஸிலோ செனட்டர் டிரேடனும் கவர்னர் ஹாலோவே அம்மாளும் சொல்லிவைத்த மாதிரி சமமாக நிற்கிறார்கள். கையெழுத்துச் சிக்கலில் மாட்டிய ஒரே ஒரு தபால் ஓட்டுதான் பாக்கி என்று டிவிக்காரர்கள் காலையிலிருந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். அது யாருடையது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பிச்சுமணிக்குத் தெரிந்துவிட்டது.

டிரேடனுக்காக, தங்கள் டெக்சாஸ் ஊரான ரிச்சர்ட்சனில் அவர் தட்டாத கதவில்லை. எழுபத்தோரு வயதில், வலிக்கிற முழங்காலோடு, ஆறு மாதம் அலைந்திருக்கிறார். அத்தனைக்கும் பலன் தன் வீட்டுக் கூப்பன் கட்டுக்குள் தூங்கியிருக்கிறது!

"கெளம்பு! புடவையெல்லாம் மாத்த வேண்டாம்!"

செவன்ட்டி ஃபைவ் ஹைவேயில் டிராஃபிக் ஊர்ந்தது. பிச்சுமணி ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"எப்படிடி மேட்ச் ஆகாமப் போகும்?"

"அப்ளிகேஷன்ல எனக்காக நீங்கதானே சைன் போட்டேள்? கவர்ல நான் போட்டேன். தமிழ்ல."

அது உண்மைதான். நாற்பத்து மூன்று வருஷமாக வீட்டுக்கு வந்த ஒரு படிவத்தையும் அவர் அவளைத் தொடவிட்டதில்லை. கிரீன் கார்டு, பாங்க், இன்ஷூரன்ஸ், எல்லாம் அவர் கைதான். அவசரத்துக்கு அவள் கையெழுத்தையும் அவரே போட்டுவிடுவார். ஓட்டுச்சீட்டு வந்த அன்று மட்டும் முழங்கால் ஊசிக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். 'டிரேடன் பேர்தான் முதல்ல இருக்கும், அதுக்கு எதிர்ல கறுப்பாக்கி அனுப்பிடு' என்று போனில் சொன்னதோடு சரி.

"ஏன்னா, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கின்னா, நான் யாருக்குப் போட்டேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடாதோ? ரகசிய ஓட்டுன்னுதானே சொல்றா?"

"தெரியட்டுமே! ஊரே உன்னைக் கொண்டாடும்."

"நான் போகலைன்னா?"

"சீட்டுக் குலுக்கிப் போடுவாளாம். அப்போ டிரேடனுக்குப் பாதி சான்ஸ்தான். நீ சைன் பண்ணினா முழு சான்ஸ்!"

அவள் ஜன்னலுக்கு வெளியே யு-டர்ன் பலகையைக் காட்டினாள். "எனக்கென்னவோ பாதி சான்ஸே போதும்னு தோணறது. இப்பவும் திரும்பிடலாம்."

"பயந்தாங்கொள்ளி! பேசாம வா."

நாலு ஐம்பதுக்கு அலுவலகத்தில் நுழைந்தார்கள். கவுன்ட்டர் பெண்மணி கவரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டாள். ஆமாம் என்றால் ஒரு படிவத்தில் அதே மாதிரி கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அனந்தலக்ஷ்மி பேனாவைத் திறந்து கணவரைப் பார்த்தாள். "கடைசியாக் கேக்கறேன். போடட்டுமா?"

"போடுடி!"

அவள் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரைத் தமிழில் எழுதினாள். பிச்சுமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறரை மணிக்கு வீடு கல்யாண வீடாகியிருந்தது. டிரேடனுக்காக உழைத்த இருபது பேரும் வந்துவிட்டார்கள். அவரோடு தெருத்தெருவாக அலைந்த சேனாபதி இரண்டு ட்ரே மைசூர்பாகோடு உள்ளே நுழைந்தார்.

"மாமி, நீங்கதான் இன்னைக்கு டெக்சாஸ்!"

தமிழ்ச் சங்க விழாவுக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்துவந்தார் பிச்சுமணி. சிறப்பு விருந்தினர்களுக்குப் போர்த்துவது போலவே மனைவியின் தோளில் போர்த்தினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"இந்த நாட்டுக்கு யார் பிரசிடென்ட்னு முடிவு பண்ணினவ என் ஆத்துக்காரி! நல்லவேளை, நான் விடாம இழுத்துண்டு போனேன்!"

"உஷ்... சொல்லப் போறாங்க!" என்றார் சேனாபதி.

டிவியில் கடைசிக் கவர் எண்ணப்பட்டுவிட்டது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் டெக்சாஸையும் வெள்ளை மாளிகையையும் வென்றவர், கவர்னர் ஹாலோவே.

இருபது ஜோடிக் கண்களும் பொன்னாடைப் பக்கம் திரும்பின.

"அதான் வழியெல்லாம் கேட்டேனே, திரும்பிடலாம்னு" என்றபடி பொன்னாடையைச் சரிசெய்துகொண்ட அனந்தலக்ஷ்மி, திறந்தபடியே நின்ற கணவரின் வாயில் ஒரு மைசூர்பாகை வைத்தாள். "நாப்பத்து மூணு வருஷத்துல நானே ஃபில் பண்ணின முதல் ஃபார்ம் அதுதான்னா!"