குடோன் சாவி

“விழுந்தவன அடிக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா மொதலாளி?” என்றார் ராபர்ட் மாஸ்டர். “பாக்ஸிங்ல எதிராளி விழுந்தா நாங்க தள்ளிப் போய் நிப்போம். அவன் எழுந்தாத்தான் அடுத்த குத்து. இவுங்க விழுந்தவன் மேல ஏறி உக்காந்துக்குறாங்க.”

“விழுந்தவன் போதும்னா விட்டுடுவோம் மாஸ்டர்” என்றான் அறிவழகன்.

அவன் சிதம்பரத்துக்காரன். குத்து, உதை, மல்யுத்தம், கைப்பூட்டு எல்லாம் கலந்த சண்டை கற்றுக்கொடுக்கிறான். டிவியில் கூண்டுக்குள் நடக்கும் அந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு, கடலூர்ப் பையன்களே பஸ் ஏறி அவனிடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

ராஜமாணிக்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திருப்பாதிரிப்புலியூரில் வேர்க்கடலை மூட்டை அடுக்கிவந்த அவருடைய மல்லாட்டை குடோன் காலியாகக் கிடந்தது. பையன்கள் பயிற்சிக்கு வாடகை இல்லாமல் தருகிறேன் என்று யாரிடமோ சொல்லப்போக, இருவரும் ஒரே நாளில் வந்துவிட்டார்கள்.

“ஆளுக்குப் பாதி வச்சுக்குங்களேன்.”

“அந்த அடிதடியும் நாங்களும் ஒரே கூரைக்குக் கீழயா? சுனாமி எங்க ரிங்கையே வாரிக்கிட்டுப் போச்சு. அன்னையிலேருந்து தேவனாம்பட்டினத்து மணல்லதான் எம் பசங்க குத்திக்கிட்டுக் கெடக்குறானுங்க. எனக்கு இந்த எடம் வேணும் மொதலாளி. எப்படியாச்சும் வேணும்.”

“அப்ப மோதிப் பாத்துடுங்க. எது ஒசத்தின்னு தெரிஞ்சுடும். ஜெயிச்சவங்களுக்கு சாவி.”

ராஜமாணிக்கம் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். இருவரும் உடனே சரி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடோனில் மெத்தை விரித்தார்கள். தோற்றதை எப்படிச் சொல்வது என்பதில்தான் கொஞ்சம் தகராறு. அறிவழகன் ஆட்களுக்கு, முடியாதவன் தரையைத் தட்ட வேண்டும். தட்டிய கணமே பிடித்தவன் விட்டுவிட வேண்டும். பாக்ஸிங்கில் மோதுகிறவன் தானாக நிறுத்தச் சொல்வதில்லை. ஓரத்தில் இருக்கும் மாஸ்டர் துண்டை வீசினால் முடிந்தது. கடைசியில், அவரவர் வழக்கப்படி என்று வைத்துக்கொண்டார்கள்.

ராபர்ட் மாஸ்டர் தன் மாணவன் செம்பியனின் தோளைப் பிடித்தார்.

“நீ தரையத் தட்டக் கூடாது. பாக்ஸர் தட்ட மாட்டான். ஒனக்கு முடியலன்னா எனக்குத் தெரியும். துண்டு எங்கிட்ட இருக்கு. நான் பாத்துக்குறேன்.”

செம்பியன் தலையை ஆட்டினான். அவர் சொன்னால் அவனுக்குப் போதும். எதிரில் அறிவழகனே மெத்தையில் இறங்கினான்.

முதலில் செம்பியன்தான் அடித்தான். இரண்டு குத்தில் அறிவழகனின் உதடு கிழிந்தது.

“போடு மச்சான்! சிதம்பரத்துக்கே பார்சல் பண்ணு!” என்று மாஸ்டரின் பையன்கள் கத்தினார்கள்.

மூன்றாவது குத்து வருவதற்குள் அறிவழகன் குனிந்து காலை வாரினான். இருவரும் மெத்தையில் விழுந்தார்கள்.

“கட்டிப்புடிச்சு உருள்றதெல்லாம் ஒரு சண்டையாடா? பாயும் தலாணியும் எடுத்தாரட்டா?”

சிரிப்பு சட்டென்று நின்றது. செம்பியனின் வலது கை அறிவழகனின் இரண்டு கால்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. முழங்கை எந்தப் பக்கம் மடங்கக்கூடாதோ அந்தப் பக்கம் வளைந்துகொண்டிருந்தது.

செம்பியன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மாஸ்டர் பக்கமே பார்த்தான்.

ராபர்ட் மாஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

“தாங்குடா! இன்னும் கொஞ்சம்! விட்டுடாத!”

“விட்டுடாத!” என்று கூட்டமும் கத்தியது. ராஜமாணிக்கமும் கத்தினார். யாருக்காகக் கத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது தரையில் பட் பட்டென்று தட்டும் சத்தம் கேட்டது.

தட்டியது அறிவழகன்.

பிடியை விட்டுவிட்டு எழுந்து ஒதுங்கி நின்றான். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் விசில் பறந்தது.

“மூச்சு வாங்கிடுச்சுடா இவனுக்கு!”

“ரெண்டு குத்துக்கே தாங்கல. இவன்கிட்ட போயா பஸ் ஏறிப் போறீங்க?”

ராபர்ட் மாஸ்டர் ஓடிப்போய்ச் செம்பியனைக் கட்டிக்கொண்டார். அவனுடைய இடது கையைத்தான் உயர்த்த முடிந்தது.

“பாத்தீங்களா மொதலாளி! எம் பையன் தட்டலியே! அதான் பாக்ஸிங்!”

அவர் கண் கலங்கியிருந்தது. ராஜமாணிக்கம் சொன்னபடி சாவியை அவர் கையில் கொடுத்தார். பையன்கள் மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள்.

அறிவழகன் தன் மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ராஜமாணிக்கத்துக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போனார்.

“புடி ஒங்கிட்டதானடா இருந்துச்சு? ஜெயிச்ச சண்டைய எதுக்கு விட்ட?”

“இன்னும் கொஞ்சம் இழுத்தா முழங்கை போயிருக்கும் ஐயா. பாக்ஸருக்குக் கை போனா அப்புறம் என்ன இருக்கு?”

“அவன் தட்டியிருக்கலாமே.”

“தட்டுடா தட்டுடான்னு நானே அவன் காதுல சொன்னேன். ‘மாஸ்டர் துண்டு போடுவாரு’ன்னான். அதுக்கப்புறம் நானும் அவரத்தான் பாத்தேன்.” கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டான். “யாராச்சும் ஒருத்தர் தட்டித்தான ஆவணும்?”

“அந்தப் பதட்டத்துல அவுருக்குத் துண்டு ஞாபகமே வந்திருக்காது தம்பி.”

அறிவழகன் கடைசி மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

விளக்கை அணைக்கப் போன ராஜமாணிக்கம் அப்படியே நின்றார்.

மாஸ்டர் எழுந்து ஓடிய நாற்காலியில் அந்த வெள்ளைத் துண்டு கிடந்தது. நான்காக மடிக்கப்பட்டு, மேலே ஆள் உட்கார்ந்ததில் நன்றாக அமுங்கிப் போயிருந்தது.